தெரிந்த சொல்தான் ஏமாற்றும்: பழைய ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்கு

பாஸ்போர்ட் கையில் இருந்தால் எடுத்து, குடியரசுத் தலைவரின் பெயரால் அதில் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படித்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரைத் தாராளமாகப் போக விடுங்கள் என்று சொல்லிவிட்டு, 'வித்தவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்' என்று ஒரு தொடர் வரும். 'லெட்' என்றால் விடு, அனுமதி கொடு என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்படியானால் 'அனுமதியும் தடையும் இல்லாமல்' போக விடச் சொல்கிறாரா குடியரசுத் தலைவர்?

இந்த 'லெட்' வேறு சொல். இதற்குத் தடை என்று பொருள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'விடு' என்பதற்கு ஒரு வினை, 'தடு' என்பதற்கு இன்னொரு வினை என்று தனித்தனியாக இருந்தன. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், ஆவியின் பின்னால் போகத் துடிக்கும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து இழுக்கும்போது, தன்னை 'லெட்' செய்கிறவனைப் பேயாக்கிவிடுவேன் என்று சீறுகிறான். இன்றைய பொருளை வைத்துப் படித்தால், வழிவிட்டவனையே கொல்லப் போகிறான் என்றாகிவிடும்!

பழைய ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் தெரியாத சொற்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. தெரியாத சொல் வந்தால் தானாகவே நின்று அகராதியைத் திறப்போம். ஆபத்து, 'லெட்' மாதிரி தினமும் புழங்குகிற சொல்லில்தான் இருக்கிறது. அது கண்ணில் உறுத்தாது. நாமும் நிற்காமல் போய்விடுவோம்.

முதல் வேலை: பக்கத்துக்கு வயது பாருங்கள்

ஷேக்ஸ்பியரை 'ஓல்ட் இங்கிலீஷ்' என்று சொல்கிறவர்கள் நம்மூரில் நிறைய உண்டு. அது சரியில்லை. நான் பொதுவாகப் 'பழைய ஆங்கிலம்' என்று சொல்வது வேறு. மொழி வரலாற்றில் 'ஓல்ட் இங்கிலீஷ்' என்ற பெயர், ஏறத்தாழ 450 முதல் 1100 வரை பேசப்பட்ட ஆங்கிலத்துக்கு உரியது. அதை இன்றைய ஆங்கிலேயரே வேற்று மொழியைப் படிப்பதுபோல இலக்கணம் கற்றுத்தான் படிக்க முடியும். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் பிரெஞ்சு வெள்ளமாக உள்ளே வந்தது. அதற்குப் பிறகு சுமார் 1500 வரை உள்ளது இடைக்கால ஆங்கிலம். 1400-இல் இறந்த கவிஞர் சாசர் எழுதியது இதில்தான். 1500-க்கும் 1700-க்கும் நடுவில் இருப்பது தொடக்கக்கால நவீன ஆங்கிலம். ஷேக்ஸ்பியரும், 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளும் இந்தக் கணக்கில் சேரும்.

புதிதாக வருகிறவர்கள் இந்த மூன்றாவது காலத்தில் தொடங்குங்கள். சாசர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் முந்தியதை, உண்மையாகவே ஆசை இருந்தால் மட்டும் தொடுங்கள்.

எழுத்தில் ஏமாறாதீர்கள்

பழைய அச்சுப் புத்தகத்தின் ஸ்கேன் பிரதியைத் திறந்ததும் 'எஸ்' வரவேண்டிய இடமெல்லாம் 'எஃப்' மாதிரி ஒன்று நிற்கும். அது நீள 'எஸ்'. உற்றுப் பார்த்தால் குறுக்குக் கோடு இடப்பக்கம் மட்டும் லேசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சொல்லின் கடைசியில் இது வராது. 1800-ஐ ஒட்டி அச்சிலிருந்து மறைந்துவிட்டது. கணினி இன்றும் இதில் ஏமாறுகிறது. பழைய நூல்களில் 'பெஸ்ட்' என்று தேடிக் கிடைக்காவிட்டால், 'எஸ்' இடத்தில் 'எஃப்' போட்டு இன்னொரு தடவை தேடிப் பாருங்கள்.

'யூ', 'வி' இரண்டும் அப்போது ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்கள். சொல்லின் தொடக்கத்தில் 'வி', நடுவில் 'யூ' என்பது அச்சுக்கூட வழக்கம். அதனால் 'அப்பான்' என்ற சொல் 'வி'-யில் தொடங்கும், 'லவ்' என்ற சொல்லின் வயிற்றில் 'யூ' இருக்கும். புள்ளி இடாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகிய நமக்கு இது ஒரு பெரிய விஷயமா என்ன?

'யீ ஓல்ட்' என்று தொடங்கும் கடைப் பலகைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த முதல் சொல்லை யாரும் 'யீ' என்று சொன்னதே கிடையாது. அது வெறும் 'தி'. 'த' ஒலிக்கு முன்பு தனி எழுத்து ஒன்று இருந்தது. அதன் பெயர் 'தார்ன்', அதாவது முள். கையெழுத்தில் அது 'ஒய்' போலத் தேய்ந்துபோனது. அச்சு வந்தபோது அந்த இடத்தில் 'ஒய்' அச்சையே போட்டுவிட்டார்கள். இத்துடன் 'நீங்கள்' என்று பொருள்படும் 'யீ'-யைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நிஜமான சொல். அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நீ, நீங்கள்: நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்

இந்த இடத்தில் தமிழருக்கு ஆங்கிலேயரைவிட வேலை சுலபம். இன்றைய ஆங்கிலத்தில் யாராக இருந்தாலும் 'யூ'தான். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கு 'யீ'. இவை எழுவாய். 'உன்னை, உனக்கு' என்பது 'தீ'. 'உங்களை, உங்களுக்கு' என்பதுதான் 'யூ'. 'உன்' என்பதற்கு 'தை', உயிரெழுத்துக்கு முன்னால் 'தைன்'.

பிறகு அங்கேயும் நம்மூரில் நடந்ததே நடந்தது. தமிழில் 'நீர்' என்பது முதலில் பன்மை. மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் அழைக்கத் தொடங்கினோம். அது தேய்ந்ததும் இன்னொரு விகுதியை ஒட்டி 'நீங்கள்' ஆக்கிக்கொண்டோம். ஆங்கிலேயரும் பெரியவரைப் பன்மையில் 'யூ' என்றார்கள். வேலைக்காரன், குழந்தை, காதலி, கடவுள் எல்லாருக்கும் 'தௌ'. கடவுளை எப்படி நீ என்பது என்று யோசிக்கிறவர்கள் தேவாரத்தை ஒருமுறை புரட்டினால் போதும்.

1603-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில், எலிசபெத் ராணியின் அவையில் செல்வாக்கோடு இருந்த வால்ட்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் ஆத்திரத்தின் உச்சியில், உன்னை 'தௌ' என்றே அழைக்கிறேன், துரோகியே என்று கத்தினார். 'தௌ' என்பதை வினைச்சொல்லாகவே பயன்படுத்தினார். 'யாரைப் பார்த்து நீ, வா, போங்கிறே' என்று நம் தெருவில் சண்டை மூளுமே, அதே விவகாரம்தான். அதே நூற்றாண்டின் நடுவில் வந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதரில் ஏற்றத்தாழ்வு கிடையாது என்று நீதிபதியைக்கூட 'தௌ' என்று அழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஆகவே ஒரு பயிற்சி. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஏதாவது ஒரு சண்டைக் காட்சியை எடுங்கள். 'தௌ', 'யூ' வரும் இடங்களை இரண்டு நிறத்தில் கோடிடுங்கள். ஒரு பாத்திரம் 'யூ'-விலிருந்து 'தௌ'-வுக்குத் தாவும் வரியில் நின்று பாருங்கள். கோபமோ காதலோ, ஏதோ ஒன்று அங்கே உடைந்திருக்கும். 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்த சம்பந்தி 'நீ' என்று இறங்கும் கணம் நமக்குத் தெரியாததா!

பைபிளில் மட்டும் இந்தக் கணக்கு வேறு. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் மூலமொழியின் ஒருமை, பன்மையை அப்படியே காட்டுவதற்காக ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ' என்று வைத்துக்கொண்டார்கள். அரசனுக்கும் 'தௌ'தான். அதில் அவமரியாதையைத் தேடக் கூடாது. லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோனிடம் பேசுகிறார். சாத்தான் 'யூ'-வைப் புடைக்க உத்தரவு கேட்டான், நானோ 'தீ'-க்காக வேண்டிக்கொண்டேன் என்று வரும். தமிழ் வேதாகமத்தில் பாருங்கள்: 'உங்களைப் புடைக்கிறதற்கு', 'உனக்காக வேண்டிக்கொண்டேன்'. அதாவது ஆபத்து சீடர்கள் எல்லாருக்கும், வேண்டுதல் சீமோன் ஒருவனுக்கு. இரண்டையும் 'யூ' என்றே போடும் இன்றைய ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு காணாமலே போய்விடும்.

விகுதிகள்: ஐந்து நிமிஷ வேலை

'தௌ' வந்தால் வினை 'எஸ்ட்' என்றோ 'ட்' என்றோ முடியும். 'ஹாஸ்ட்', 'ஷால்ட்', 'வில்ட்', 'ஆர்ட்' எல்லாம் அப்படி வந்தவை. இந்த 'ஆர்ட்' கலை இல்லை, 'இருக்கிறாய்'. 'வில்ட்' என்றால் செடி வாடவில்லை, 'செய்வாய்'. அவன், அவள், அது வந்தால் 'எத்' என்று முடியும்: 'ஹாத்', 'டத்', 'கோயெத்'. நம் '-ஆய்', '-ஆன்' மாதிரிதான்.

பழைய ஆங்கிலம் எழுதுகிறேன் பேர்வழி என்று இணையத்தில் பலர் 'தௌ கோயெத்' என்று போடுவதைப் பார்க்கலாம். அது 'நீ போகிறான்' என்பதற்குச் சமம்.

இங்கு, அங்கு, எங்கு

'ஹியர், தேர், வேர்' மூன்றும் நமக்குத் தெரியும். இவற்றுக்கு இரண்டு பழைய வரிசைகள் உண்டு. 'ஹிதர், திதர், விதர்' என்றால் இங்கு நோக்கி, அங்கு நோக்கி, எங்கு நோக்கி. 'ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்' என்றால் இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. முதல் எழுத்தைப் பாருங்கள். 'எச்' அண்மை, 'டி-எச்' சேய்மை, 'டபிள்யூ-எச்' வினா. நம் இ, அ, எ போலவே ஒழுங்கான சுட்டு வரிசை. இதை ஒன்பது தனிச்சொல்லாக மனப்பாடம் செய்வது வீண். மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு ஒரு தடவை எழுதிப் பாருங்கள், மறக்காது.

கூடவே 'யான்', 'யாண்டர்' என்று ஒரு சுட்டும் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் 'அதோ' என்று கைநீட்டிக் காட்ட. நமக்கும் 'உ' என்று மூன்றாவது சுட்டு ஒன்று உண்டு, ஆனால் அது இடையில் இருப்பதற்கு. யாழ்ப்பாணத்தார் 'உது' என்று இன்றும் அதைப் புழங்குகிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் தொலைத்துவிட்டோம்.

இந்த வரிசையில் சேர்த்துவிடக் கூடாத ஒன்று 'வேர்ஃபோர்'. மாடத்தில் நின்று ஜூலியட் 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்கிறாள். பள்ளி நாடகங்களில் இந்த வரிக்கு நெற்றியில் கைவைத்து இருட்டில் தேடுவார்கள். அவள் தேடவே இல்லை. 'வேர்ஃபோர்' என்றால் ஏன். போயும் போயும் பகைக் குடும்பத்துப் பெயருள்ளவனாக நீ ஏன் இருக்கிறாய் என்று அலுத்துக்கொள்கிறாள். நானும் பள்ளியில் நெற்றியில் கைவைத்துக் கைதட்டல் வாங்கியவன்தான்.

பொருள் மாறிய சொற்கள்: இங்கே மெதுவாகப் போங்கள்

'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம் என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அப்படிப்பட்ட சொற்கள் நிறைய உண்டு. அவற்றில் கொஞ்சத்தைப் பார்ப்போம்.

'மீட்' என்றால் முன்பு எந்த உணவும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் விதை தரும் பூண்டுகளையும் கனிமரங்களையும் மனிதனுக்கு 'மீட்' ஆகக் கொடுத்தேன் என்று வரும். தமிழில் 'ஆகாரமாயிருக்கக்கடவது'. நம்மூர் இனிப்புக் கடைப் பலகையில் 'ஸ்வீட்மீட்' என்று இருப்பதைப் பார்த்து, சுத்த சைவக் கடையில் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று யோசித்திருந்தால், விடை இதுதான். பழைய பொருள் அந்தக் கூட்டுச் சொல்லுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

'டியர்' என்றால் இன்று மான். முன்பு எந்த மிருகமும். 'கிங் லியர்' நாடகத்தில் எலிகளையும் சுண்டெலிகளையும் சேர்த்துச் சின்ன 'டியர்' என்று சொல்லும் வரி ஒன்று வரும். இங்கே நமக்கு ஒரு வேடிக்கை. 'மிருகம்' என்ற வடசொல்லுக்கும் விலங்கு, மான் என்று இரண்டு பொருளும் உண்டு. மிருகசீரிஷம் என்றால் மான் தலை.

'ஸ்டார்வ்' என்றால் முன்பு வெறுமனே சாவது. பிறகு குளிரிலோ பசியிலோ சாவது. கடைசியில் பசி மட்டும் மிஞ்சியது. 'கேர்ள்' இடைக்காலத்தில் ஆணோ பெண்ணோ, ஏதோ ஒரு பிள்ளை. 'நேவ்' என்றால் பையன், பிறகு வேலைக்காரப் பையன், பிறகு அயோக்கியன். 'வில்லன்' பண்ணையில் கட்டுண்டு உழைத்த குடியானவன். நிலமில்லாதவனின் பெயர் எப்படித் திட்டுச் சொல்லாக மாறுகிறது என்று பாருங்கள், எழுதியவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். 'சில்லி' தொடக்கத்தில் ஆசி பெற்றவன். பிறகு கள்ளங்கபடமற்றவன், பிறகு பாவப்பட்டவன், கடைசியில் மண்டு. நம் 'அப்பாவி' அதே பாதையில் பாதித் தூரம் போயிருக்கிறது. 'நைஸ்' இதற்கு எதிர்த்திசையில் வந்தது. லத்தீனில் 'அறியாதவன்' என்ற சொல்லில் பிறந்து, ஆங்கிலத்தில் முட்டாள் என்று நுழைந்து, பல கை மாறி இன்று இனிமையானவர் ஆகிவிட்டது.

'கார்ன்' தேர்வுக்குப் படிக்கிறவர்களைக் கவிழ்க்கும். இங்கிலாந்தில் 1815 முதல் 1846 வரை இருந்த 'கார்ன்' சட்டங்கள் மக்காச்சோளத்தைப் பற்றியவை அல்ல. அங்கே அந்தச் சொல்லுக்கு எந்தத் தானியமும் என்று பொருள், முக்கியமாகக் கோதுமை. மக்காச்சோளம் அமெரிக்கப் பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தது காலச் சொற்களின் கதை. 'சூன்', 'அனான்', 'பிரசன்ட்லி', 'பை அண்ட் பை' நான்குக்கும் தொடக்கத்தில் 'உடனே, இந்தக் கணமே' என்றுதான் பொருள். நான்குமே காலப்போக்கில் 'கொஞ்ச நேரம் கழித்து' என்று தளர்ந்துவிட்டன. ஏன் என்று கேட்க மொழியியல் படிக்க வேண்டியதில்லை. ஓட்டலில் காபி கேட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். 'இதோ வந்துட்டேன் சார்' என்ற குரல் வரும், ஆள் வர மாட்டார். 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் மதுக்கடைப் பையன் ஃபிரான்சிஸ், அந்தப் பக்கம் கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் கூப்பிட்டாலும் 'அனான், அனான் சார்' என்றே கத்திக்கொண்டு நிற்பான். இது நாலு நூற்றாண்டுக்கு முந்தைய 'இதோ வந்துட்டேன்'.

இப்படிப்பட்ட சொற்களை அடையாளம் காண நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றுதான். வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்து, முழுப் பொருள் மட்டும் லேசாகக் கோணினால், உங்கள் மூளையைச் சந்தேகப்படாதீர்கள். அந்த வாக்கியத்திலேயே மிகச் சாதாரணமான சொல் எதுவோ அதைச் சந்தேகப்படுங்கள். அகராதியில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, சொல், இன்றைய பொருள், அன்றைய பொருள் என்று எழுதி வாருங்கள். நாற்பது, ஐம்பது சொல் சேர்ந்ததுமே படிப்பது வெகுவாக இலகுவாகிவிடும்.

வீட்டில் இருக்கும் இருமொழி அகராதி

தமிழ் வாசகருக்கென்றே ஒரு குறுக்குவழி உண்டு. கிங் ஜேம்ஸ் பைபிளையும் பழைய தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் மொழிப் பயிற்சிக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வசனத்துக்கு எண் வேறு இருக்கிறது.

மாற்கு 10:14-இல் சிறு பிள்ளைகளை 'சஃபர்' என்று வரும். பிள்ளைகளைத் துன்பப்படுத்தச் சொல்கிறாரா? தமிழில் 'இடங்கொடுங்கள்'. 'சஃபர்' என்றால் அனுமதி கொடு. 23-ஆம் சங்கீதத்தில் 'ஐ ஷால் நாட் வான்ட்'. தமிழில் 'நான் தாழ்ச்சியடையேன்'. 'வான்ட்' என்பது இங்கே விருப்பம் இல்லை, குறைபாடு. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் 4:15-இல் 'ப்ரிவென்ட்' வரும். தமிழில் 'முந்திக்கொள்வதில்லை'. அந்தச் சொல்லின் லத்தீன் வேரும் 'முன்னே வா' என்பதுதான். லூக்கா 21:9-இல் முடிவு 'பை அண்ட் பை' வராது என்று இருக்கும். தமிழில் 'உடனே வராது'. சற்று முன் சொன்ன கதைக்குச் சாட்சி.

ஒரு எச்சரிக்கை. தமிழ் வேதாகமம் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது இல்லை, அது மூலமொழிகளைப் பார்த்து உருவானது. ஆகவே ஒத்துப்போகாத இடங்களும் வரும். தமிழைத் துப்பாக எடுத்துக்கொண்டு, தீர்ப்பை அகராதியிடம் விடுங்கள்.

அகராதியில் எங்கே பார்ப்பது

பொது அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் இருக்கும். 'ஆப்ஸ்' என்றால் வழக்கொழிந்தது, இன்று யாரும் சொல்வதில்லை. 'ஆர்ச்' என்றால் பழமைச் சாயல் உடையது. புழக்கத்தில் இல்லை, ஆனால் கேட்டால் புரியும், கவிதையிலோ வழிபாட்டிலோ வரும். 'ஹிஸ்ட்' என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதில் சொல் சாகவில்லை, பொருள்தான் செத்துப்போனது. 'ஃபார்திங்' அப்படி. பென்னியில் கால் பங்கான அந்தக் காசு 1960-உடன் செல்லாமல் போனது. காசைப் பற்றிப் பேசினால் இன்றும் அந்தச் சொல்லைத்தான் சொல்லியாக வேண்டும். நமக்கு வீசம், தம்பிடி இருப்பதுபோல.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிதான் இந்தத் துறையில் பெரியப்பா. 1884-இல் முதல் பகுதி வெளிவந்து 1928-இல்தான் வேலை முடிந்தது. அதில் வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் ஒரு குத்துவாள் குறி இருக்கும். சொல்லைக் குத்திச் சாய்த்துவிட்டார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பொருள்கள் வயது வரிசையில் வரும், மிகப் பழையது முதலில். மெரியம் வெப்ஸ்டர் அகராதியும் அப்படித்தான். மற்ற பல அகராதிகளில் இன்றைய பொருள் முதலில் நிற்கும். இது தெரியாமல் எப்போதும் முதல் பொருளையே எடுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் அடிவாங்குவார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சொல்லின் பிறப்பு வளர்ப்புக்கு 'எட்டிமான்லைன்' தளம், இடைக்கால ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அகராதி, அதற்கும் முந்தியதற்கு 'பாஸ்வொர்த் டாலர்' அகராதி. மூன்றும் இணையத்தில் இலவசம்.

அகராதியைப் புரட்டும்போது தடம் மாறிப் போய்விடுவீர்கள், போங்கள். அதில்தான் சுகம். 'லார்ட்' என்ற சொல்லைத் தேடினால் அது 'ரொட்டிக் காவலன்' என்ற கூட்டுச் சொல்லின் தேய்வு என்று தெரியவரும். 'லேடி' ரொட்டிக்கு மாவு பிசைகிறவள். நாம் 'படியளக்கிற மகராசன்' என்கிறோமே, அதே நினைப்பு. 'மிட்வைஃப்' என்பதில் உள்ள 'மிட்' என்றால் உடன், 'வைஃப்' என்றால் மனைவி இல்லை, பெண். பிரசவத்தில் பெண்ணுடன் இருப்பவள். 'ரூத்லெஸ்' என்ற சொல்லுக்குள் 'ரூத்' என்ற இரக்கம் மறைந்திருக்கிறது. இரக்கமின்மை மட்டும் உயிரோடு இருக்கிறது, இரக்கம் செத்துவிட்டது.

எண்ணும் அளவும்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். 'ஸ்கோர்' என்றால் இருபது. 'த்ரீ ஸ்கோர் அண்ட் டென்' எழுபது. லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்' என்றார். எண்பத்தேழு. கழித்தால் 1776, அமெரிக்கா விடுதலையை அறிவித்த வருஷம். 'ஃபார்ட்நைட்' பதினாலு இரவு, 'சென்னைட்' ஏழு இரவு. இதற்கும் நம் சென்னைக்கும் சம்பந்தமில்லை! 'ஓவர்மாரோ' என்றால் நாளை மறுநாள். இதை ஆங்கிலம் ஏன் தொலைத்தது என்று எனக்கு இன்றும் ஆதங்கம். அவர்கள் மூன்று, நான்கு சொல் கோத்துச் சொல்வதை நாம் 'நாளன்னிக்கு' என்று முடித்துவிடுகிறோம். 'ஃபர்லாங்' என்றால் ஓர் உழவுச்சாலின் நீளம், மைலில் எட்டில் ஒன்று. 'ரெண்டு பர்லாங் தூரம்' என்று வழி சொன்ன தாத்தாக்களுக்கு உழவுச்சாலால் அளக்கிறோம் என்று தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

சென்னைப் பழைய ஆவணங்கள் பக்கம் போனால்

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கடிதங்களைப் படிக்க நினைக்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை. ராபர்ட் கிளைவ் 1744-இல் மதராசுக்கு 'ரைட்டர்' ஆக வந்தான் என்று இருக்கும். நாவல் எழுத வரவில்லை. கம்பெனியின் கடைநிலை எழுத்தர் பதவிக்கு அப்படிப் பெயர். இங்கிலாந்தில் அந்தப் பொருள் போய்விட்டது. நம் காவல் நிலையத்தில் ரைட்டர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். 'டிஃபன்' அப்படித்தான். இடையிடையே குடிப்பதைக் குறித்த 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அங்கே அது பழங்கதை, இங்கே காலை ஏழு மணிக்குச் சூடாகக் கிடைக்கிறது.

கணக்கில் 'கேஷ்' என்று வந்தால் ரொக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அது நம் காசு. 'ஃபனம்' பணம். எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்று 1818 வரை மதராசில் கணக்கு நடந்தது. வராகனை அவர்கள் 'பகோடா' என்று எழுதுவார்கள், கோயில் என்று படித்தால் போச்சு. 'சௌல்ட்ரி' சாவடி, 'பாலிகர்' பாளையக்காரர். இந்தச் சொற்களுக்கென்றே ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886-இல் வந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் வெளிவருவதைப் பார்க்காமலே 1882-இல் இறந்துவிட்டார். அகராதி இணையத்தில் முழுவதுமாகக் கிடைக்கிறது.

பத்திரம் ஒன்றைக் கையில் எடுங்கள்

கற்றதைச் சோதிக்க, ஆங்கிலத்தில் எழுதிய பழைய கிரயப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செத்த சொற்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரே தொழில் சட்டம்தான். 'ஏஃபோர்செட்' மேற்படி. 'ஹியரினாஃப்டர்' இனி இதில். 'மெசுவேஜ்' வந்தால் மனையும் கொல்லையும் சேர்ந்த வீடு. 'அப்பர்ட்டனன்சஸ்' என்பது அந்தச் சொத்தோடு ஒட்டிய பாத்தியதைகள்.

'விட்னஸெத்' என்று பெரிய எழுத்தில் தனியாக ஒரு சொல் நிற்கும். பலர் அதைச் சாட்சிகளின் பட்டியலுக்குத் தலைப்பு என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துச் சாட்சிகளின் பெயரைக் கீழே தேடினேன். விகுதியைப் பாருங்கள், 'எத்'. அது படர்க்கை வினைமுற்று. வினைமுற்று என்றால் எழுவாய் எங்கோ இருக்க வேண்டும். மேலே போங்கள். விற்பவர், வாங்குபவர், அவர்களின் அப்பா பெயர், வயது, வீட்டு எண் எல்லாவற்றையும் தாண்டி, முதல் வரிக்கே போங்கள். 'திஸ் இன்டென்ச்சர்' என்றோ 'திஸ் டீட்' என்றோ ஆரம்பித்திருக்கும். இந்தப் பத்திரம் சாட்சி சொல்கிறது. ஒரு பக்கம் முழுக்க நீண்ட ஒரே வாக்கியம்.

'இன்டென்ச்சர்' என்ற அந்தச் சொல்லுக்குள் பல் இருக்கிறது, லத்தீன் பல். ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் பல்பல்லாக வெட்டி ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். பல் பொருந்தினால் அசல். 1860-இல் மதராசிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளைக் கட்டிப்போட்டதும் இதே பெயருள்ள தாள்தான். வீட்டில் எடுத்த அந்தக் கிரயப் பத்திரத்தை நிதானமாக, கையில் பென்சிலோடு, முதல் வரியிலிருந்து படித்து வாருங்கள். சந்தேகம் வரும் இடத்தில் சின்னச் சொல்லை முதலில் தேடுங்கள்.